டப்பாவின் மேல் என்ன பெயர்? உணவுச் சட்டங்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: உலகின் விசித்திரமான உணவுச் சட்டங்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வறுத்த கோழியை முள்கரண்டியால் சாப்பிட்டால் குற்றமாம். சந்தேகப்படும்படி சால்மன் மீனை வைத்திருந்தாலும் குற்றமாம். இதெல்லாம் உண்மையா?

பதில்: கோழி விஷயம் பாதி உண்மை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் கெயின்ஸ்வில், கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர். ஊருக்கு விளம்பரம் கிடைக்கட்டும் என்று 1961-ல் போட்ட விதி அது. சால்மன் விதி முழு உண்மை. பிரிட்டனின் 1986-ம் ஆண்டு சால்மன் சட்டத்தில் 32-வது பிரிவு அது. திருட்டுத்தனமாகப் பிடித்த மீன் கைமாறக் கூடாது என்பதற்காக வந்தது. சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தும் வாங்கினால் வாங்கியவரும் மாட்டிக்கொள்வார். இந்தப் பட்டியல்களில் எனக்குள்ள வருத்தமே, காரணத்தை வெட்டிவிட்டு விதியை மட்டும் பரப்புகிறார்கள் என்பதுதான். காரணத்தோடு படித்தால், இவற்றில் பலவும் நாம் கொடுக்கும் காசுக்கு என்ன வந்து சேர்கிறது என்பதைப் பற்றியவை என்று புரியும்.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். பல வருடமாக வாங்கும் டப்பாவில் இப்போது ‘ஐஸ்கிரீம்’ என்ற சொல்லைக் காணோம். ‘ஃப்ரோசன் டெய்ரி டெசர்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். படம் அதேதான். ஏமாற்றுகிறார்களா?

பதில்: சட்டப்படி ஏமாற்று இல்லை, ஆனால் உள்ளே இருப்பது மாறியிருக்கிறது. அங்கே ஐஸ்கிரீம் என்ற பெயரைப் போட வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனை பலருக்கும் தெரியாது: ஒரு கேலன் ஐஸ்கிரீம் 4.5 பவுண்டாவது எடை இருக்க வேண்டும். அதாவது லிட்டருக்குச் சுமார் 540 கிராம். ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்றைச் சேர்த்து உப்ப வைப்பார்கள். அளவு பார்த்து விற்கும் பொருள் என்பதால், காற்று ஏற ஏற விற்பவருக்கு லாபம். அதற்கு ஒரு வரம்பு கட்டத்தான் இந்த எடைக் கணக்கு. கொழுப்போ எடையோ குறைந்தால் வெறும் ‘ஐஸ்கிரீம்’ என்று போட முடியாது. வேறு பெயரில் விற்கலாம்.

அடுத்த முறை கடைக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களை எடுத்துப் பின்பக்கத்து ஊட்டச்சத்துப் பட்டியலைப் பாருங்கள். ‘ஒரு பரிமாறல்’ (serving size) என்பதற்கு அருகே அடைப்புக்குறிக்குள் கிராம் கணக்கு இருக்கும். கோப்பைக் கணக்கில் இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் ஒன்றில் கிராம் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் இருக்கும். குறைவாக இருப்பதில் பெரும்பாலும் காற்று அதிகம். விலையை அந்த எடையோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு தின்பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்று பிரிட்டனில் வழக்கே நடந்ததாமே? அதற்கெல்லாமா நேரம் செலவழிப்பார்கள்?

பதில்: வரி இருந்ததால் செலவழித்தார்கள். அங்கே கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. பிஸ்கட்டுக்கும் கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு மட்டும் உண்டு. சாக்லேட் பூசிய கேக்குக்கு இல்லை. ஜாஃபா கேக் என்பது மெல்லிய வட்டமான அடிப்பாகம், மேலே ஆரஞ்சு ஜெல்லி, அதன் மேல் சாக்லேட். கடையில் பிஸ்கட் வரிசையில் இருக்கும், பிஸ்கட் அளவில் இருக்கும், பிஸ்கட் போலவே கையால் எடுத்துத் தின்பார்கள். 1991-ல் தீர்ப்பாயம் இதையெல்லாம் எடைபோட்டது. முக்கியமாகப் பார்த்தவற்றில் ஒன்று, பழசானால் என்ன ஆகிறது என்பது. பிஸ்கட்டைத் திறந்து வைத்தால் நமுத்துப்போகும். கேக் காய்ந்து இறுகும். ஜாஃபா கேக் இறுகியது. கேக் என்றே தீர்ப்பு வந்தது. எனக்கு இது நல்ல தீர்ப்பாகத்தான் படுகிறது. பெயரையும் அலமாரியையும் மட்டும் நம்பாமல் பண்டத்தையே பார்த்திருக்கிறார்கள்.

அயர்லாந்தில் 2020-ல் இதே மாதிரி ஒன்று. மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரிவிலக்குக்குரிய ‘பிரெட்’ ஆகாது என்பது அங்குள்ள சட்டம். ஒரு சாண்ட்விச் கடைத்தொடரின் ரொட்டியில் அது 10 சதவீதம். பிரெட் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேள்வி: ஐரோப்பாவில் கேரட் ஒரு பழமா?

பதில்: ஜாம் செய்ய மட்டும். 2001-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதி அப்படிச் சொல்கிறது. ஜாம் என்றால் பழத்தில் செய்தது என்று வரையறை. போர்ச்சுகலில் கேரட் ஜாம் உண்டு. அதனால் கேரட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பழக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த புதினா மிட்டாய் டப்பாவில் சர்க்கரை ‘0 கிராம்’ என்று இருக்கிறது. வாயில் போட்டால் இனிக்கிறது. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கொடுக்கலாமா?

பதில்: டப்பாவில் உள்ள பூஜ்யத்தை நம்பிக் கொடுக்காதீர்கள். ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எழுத அங்கே சட்டம் அனுமதிக்கிறது. மிட்டாயின் எடையே அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்து, ஒரு மிட்டாய்தான் ஒரு பரிமாறல் என்றால், முழுக்கச் சர்க்கரையாக இருந்தாலும் பூஜ்யம்தான். டப்பாவைத் திருப்பிச் சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமுள்ளதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் சொல்லே ‘சர்க்கரை’ என்றிருந்தால் அது சர்க்கரை மிட்டாய்தான், சந்தேகமே வேண்டாம். சமையலுக்குத் தெளிக்கும் எண்ணெய் ஸ்பிரேயில் ‘கொழுப்பு 0’ என்று இருப்பதும் இதே கணக்கில்தான். இந்த விதியை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளிகள் நம்பிப் படிக்கும் இடம் அது.

கேள்வி: சிங்கப்பூர் போகிறேன். சூயிங்கம் மென்றால் பிடிப்பார்களா?

பதில்: மெல்லுவதற்காகப் பிடிக்க மாட்டார்கள். 1992 முதல் தடை இருப்பது இறக்குமதிக்கும் விற்பனைக்கும். பல், மருத்துவத் தேவைக்கான வகைகளுக்கு 2004-ல் விலக்குக் கொடுத்தார்கள். அவை அங்கே மருந்தாளுநரிடம் கிடைக்கும். கைப்பையில் பாக்கெட் கிடந்தால் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.