இறால் ஆகாத பிள்ளைக்கு ஈசல் கொடுக்கலாமா?

அருமனையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: துலா மழை விட்ட இரவில் வாசல் லைட்டுக்கு வந்த ஈசலை ஒரு வாளி பிடித்து வைத்திருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, இளைப்பு (ஆஸ்துமா) உண்டு, இறால் தின்றால் உடம்பெல்லாம் தடிக்கும். ஈசல் வறுத்துத் தின்றால் இளைப்பு மாறும் என்று மாமியார் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். ருசிக்கு ஒன்றிரண்டு என்றுகூட வேண்டாம்.

பார்த்தால் ஒன்றுபோலத் தெரியாது, ஆனால் இறாலும் ஈசலும் கணுக்காலி இனம்தான். இறால் ஆகாத பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்புவது டிரோப்போமயோசின் என்ற புரதம், அதன் நெருங்கிய சாயல் பூச்சிகளின் தசையிலும் இருக்கிறது, வறுத்தாலும் வேகவைத்தாலும் லேசில் அழியாது. ஐரோப்பாவில் 2021-ல் மாவுப்புழு என்ற பூச்சியை உணவாக அனுமதித்தபோது, நண்டு, இறால் ஆகாதவர்களுக்கு எச்சரிக்கையைப் பொட்டலத்தில் அச்சடிக்க வேண்டும் என்றே விதித்தார்கள். இளைப்பும் உள்ள பிள்ளைக்கு ஒவ்வாமை வந்தால் மூச்சைப் பிடித்துவிடும். தெரியாமல் தின்று உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாமியார் சொல்வது அக்கறையில்தான். சங்கப் பாட்டிலேயே ஈசலை மோரோடு சேர்த்து ஆக்கிய புளிங்கறி வருகிறது, அவ்வளவு பழைய தீனி. ஆனால் இளைப்பை மாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, டாக்டர் தந்த இன்ஹேலரை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, இறால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத மற்றவர்கள்? புற்றடியிலேயே பிடித்த ஈசல் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம், எனக்கும் பிடிக்கும். வெயிலில் காயவைத்து, சுளவில் போட்டுப் புடைத்தால் இறகு பறந்துவிடும், எண்ணெய் வேண்டாம், அதிலேயே கொழுப்பு இருக்கிறது, மண்சட்டியில் மொறுமொறுவென வறுத்து அரிசிப்பொரியோடு கலந்தால் போதும். லைட்டுக்கு வந்ததில்தான் எனக்குத் தயக்கம். எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது வீடு கட்டும்போதே அஸ்திவாரத்தில் சிதல் (கரையான்) மருந்து ஊற்றுகிறார்கள், ஈசலும் இறகு முளைத்த சிதல்தான், குளோர்பைரிபாஸ் மாதிரி நஞ்சு, வறுத்தால் அது போய்விடும் என்று நம்ப முடியாது. பக்கத்தில் யாராவது மருந்து அடித்திருந்தால் அந்த வாளியை அப்படியே கொட்டிவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.

இனி வறுப்பதாக இருந்தால் முற்றத்தில் தனி அடுப்பு, தனிச் சட்டி, மகன் அந்தப் புகையில் நிற்கக் கூடாது.