காமிக்ஸ் பெட்டி: ராயபுரத்திலிருந்து பதில்கள்

பேட்மேனும் கேப்டன் அமெரிக்காவும் ஒரே கதையில் வருவதாக நண்பன் சொல்கிறான். வெவ்வேறு கம்பெனி ஆட்கள் ஆயிற்றே, அளக்கிறானா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அளக்கவில்லை. 1996இல் டிசியும் மார்வெலும் கைகோத்து வெளியிட்ட புத்தகம் அது. எழுதி வரைந்தவர் ஜான் பைர்ன். என் பிரதி அல்லிக்குளம் கடையில் கிடைத்தது. நூறு சொன்னார், அறுபதுக்குப் படிந்தது. முன்பு வைத்திருந்த புண்ணியவான் அட்டைமேல் டீ கிளாஸ் வைத்திருக்கிறார். அந்தப் பழுப்பு வட்டம் கேப்டனுக்கு இரண்டாவது கேடயம்போலத் தெரியும்.

கதை நடப்பது 1945இல். அணுகுண்டுத் திட்டத்துக்கு ஆபத்து என்று கேப்டனை பேட்மேனின் காத்தம் நகரத்துக்கு அனுப்புகிறது ராணுவம். குண்டைத் திருட, பேட்மேனின் பரம எதிரி ஜோக்கரைக் கூலிக்குப் பிடித்திருப்பவன் கேப்டனின் எதிரி ரெட் ஸ்கல். கதாநாயகர்கள் கைகுலுக்குவதெல்லாம் எதிர்பார்த்ததுதான். புத்தகத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. தனக்குக் கூலி கொடுப்பவன் நாஜி என்று தெரிந்ததும் ஜோக்கர் வெகுண்டெழுகிறான். தான் கிரிமினல் பைத்தியம்தான், ஆனால் அமெரிக்கக் கிரிமினல் பைத்தியம் என்கிறான்!

படித்ததும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். 1971 போரின்போது எங்கள் தெருமுனையில் யுத்த நிதிக்கு உண்டியல் வைத்திருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிக் கடத்தல் வாட்ச் விற்றுக்கொண்டிருந்த அவர் நேரே வந்தார், மணிக்கட்டில் இருந்த வாட்சைக் கழற்றினார். உண்டியலின் வாய் சிறியது. வார் உள்ளே போயிற்று, வாட்ச் போகவில்லை. மூடியைத் திறக்கவைத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். மறுநாள் காலை அதே இடத்தில் அதே வியாபாரம். பைர்னின் ஜோக்கரும் அப்படித்தான், திருந்தவெல்லாம் இல்லை. முடிவைச் சொல்லமாட்டேன், தேடிப் படியுங்கள்.

சூப்பர்மேன் இருந்தும் இரண்டாம் உலகப்போர் ஏன் அத்தனை வருடம் நீடித்தது?
– பள்ளி மாணவி, வியாசர்பாடி

அவனைப் படைத்தவர்களையும் இந்தக் கேள்வி தூங்கவிட்டிருக்காது. 1940இல் ‘லுக்’ பத்திரிகைக்காக இரண்டே பக்கத்தில் போரை முடித்துவைத்தார்கள்: ஹிட்லரையும் ஸ்டாலினையும் அள்ளிக்கொண்டு போய் ஜெனீவாவில் விசாரணைக்கு நிறுத்திவிடுகிறான். ஹிட்லரின் எஸ்.எஸ். படை நடத்திய பத்திரிகை இதற்குக் கோபித்துக்கொண்டு எழுதியது. ஆனால் அமெரிக்காவே போரில் இறங்கிய பிறகு அப்படி வரைய முடியுமா? நிஜமான பையன்கள் நிஜமாகச் சாகும்போது காகிதத்தில் ஒருவன் பெர்லினைப் பிடித்தால் அசிங்கம். அதனால் 1942இல் ஒரு தந்திரம் செய்தார்கள். ராணுவத்தில் சேரப் போகும் கிளார்க் கென்ட், கண் பரிசோதனையில் தன் ஊடுருவும் பார்வையால் பக்கத்து அறை அட்டையைப் படித்துத் தொலைக்கிறான். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நான் ஹார்பரில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காகச் சேர்ந்தபோது, அந்தக் கண் அட்டையின் கடைசி வரியைப் பயத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனவன். எனக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா?

கடல் ராஜா நேமர் போரில் யார் பக்கம்?
– வாசகர், காசிமேடு

முதலில் கடல் பக்கம் மட்டும்தான். 1940இல் நியூயார்க்கையே துவம்சம் செய்து, ‘ஹ்யூமன் டார்ச்’ என்ற நாயகனோடு, அதாவது மனிதத் தீப்பந்தத்தோடு மோதினார். நாஜிகளோடும் சண்டை போட்டார். கேப்டன், தீப்பந்தம், நேமர் மூவரும் ‘இன்வேடர்ஸ்’ என்ற பெயரில் போர்க்களத்தில் ஒரே அணியாக நிற்பது ராய் தாமஸ் 1975இல் எழுதியது. போர் முடிந்து முப்பது வருடம் கழித்து!

நம் ஊரில் இப்படி ஒரு போர்க்காலக் கதை எழுதினால் யாரைப் போடுவீர்கள்?
– வாசகர், புளியந்தோப்பு

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி சென்னை மூட்டை கட்டுகிறது. மூர் மார்க்கெட்டை ஒட்டிய மிருகக்காட்சிச் சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டார்கள். என் நாயகனுக்கு முதல் வேலை அவற்றைக் காப்பாற்றுவது. நாயகன் யார் என்றா கேட்கிறீர்கள்? 1972இல் முத்து காமிக்ஸில் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆள்தான், இரும்புக்கை மாயாவி. கையை மின்சாரத்தில் வைத்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஊரெல்லாம் விளக்கணைப்பு, எந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கும் என்று கேட்பீர்கள். பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் எதற்கு இருக்கிறது? புளியந்தோப்பிலிருந்து நடந்தே போய்விடலாமே.