ஃபிலிமில் வந்ததுதான் உண்மையான நிறமா?

நிறம் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன். லென்ஸ் கேள்விகள் அடுத்த முறை.

ஃபிலிமில்தான் நிறம் அசலாக இருந்தது, டிஜிட்டலில் எல்லாம் சாயம் பூசியது என்கிறார் மாமா. அவர் பழைய ஸ்டுடியோக்காரர். சரியா சார்?

மாமாவுக்குப் பிடித்த நிறம் ஃபிலிமில் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அசல் என்பதுதான் இடிக்கிறது. 1990இல் ஃபுஜி கொண்டுவந்த வெல்வியா ஃபிலிமில் வயலை எடுத்தால் பச்சை கண்ணைப் பறிக்கும், அதிலேயே முகத்தை எடுத்தால் கன்னம் சிவந்து தொலையும். முகத்துக்கென்று 1998இல் கோடக் போர்ட்ரா ஃபிலிமை விட்டது. ஒரே வெயிலில் ஒரே ஆளை இரண்டிலும் எடுத்தால் இரண்டு நிறம் வரும். இதில் எது அசல்?

கலர் நெகட்டிவில் இன்னொரு கை வேறு உண்டு. ஆரஞ்சுப் படலம் போர்த்திய நெகட்டிவைப் பார்த்து எது வெள்ளை என்று முடிவு செய்தவர் பிரிண்ட் போட்டவர். ஒருமுறை ஒரே நெகட்டிவை இரண்டு லேப்பில் கொடுத்தேன். ஒன்றில் மண்டபச் சுவர் சந்தன நிறம், மற்றதில் லேசான பாசிப் பச்சை. சுவருக்கு அடித்திருந்ததோ வெறும் சுண்ணாம்பு!

ஊட்டியில் அப்பா எடுத்த பழைய ஸ்லைடில், வேலியோரத்து நீல மார்னிங் குளோரி ரோஸாக இருக்கிறது. ஸ்லைடு கெட்டுவிட்டதா?

பக்கத்தில் இருக்கும் இலையும் வானமும் சரியாக இருந்தால், கெடவில்லை. எடுத்த அன்றே அப்படித்தான் வந்திருக்கும். அந்தப் பூ நீலத்தோடு, நம் கண்ணுக்கு எட்டியும் எட்டாத கடைசிச் சிவப்பையும் நிறைய எதிரொளிக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை, ஃபிலிமின் சிவப்பு அடுக்கு பிடித்துக்கொள்கிறது. டிஜிட்டலில் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருப்பதால் தொல்லை குறைவு. ஆனால் எந்த சென்சாரும் அச்சு அசலாக நம் கண்ணைப் போலப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ரவிக்கையும் புடவையும் படத்தில் தனித்தனி நிறமாக நிற்பது இதனால்தான்.

பட்டுப்புடவையை ஆன்லைனில் விற்கிறேன் அண்ணா. "படத்தில் வேறு கலர்" என்று திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. நல்ல கேமராதான்.

கேமராவைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி, முதலில் அறையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் சேர்ந்து விழுந்தால் புடவையின் ஒரு பாதி நீலம் தட்டும், மறுபாதி பச்சை தட்டும். எந்த ஒயிட் பேலன்ஸும் (வெளிச்சத்தின் சாயத்தைக் கழித்து வெள்ளையை வெள்ளையாக்கும் அமைப்பு) இரண்டையும் சரிசெய்யாது. ஒரே விளக்கு போதும். வாங்கும்போது சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அடர் சிவப்புக்கான ஆர்9 எண்ணையும் கேளுங்கள். சிஆர்ஐ என்பது சோதனை நிறங்களில் முதல் எட்டின் சராசரிதான், அடர் சிவப்பு அதில் கணக்கே இல்லை. ஆர்9 குறைந்த எல்ஈடியில் அரக்குப் புடவை செத்துப்போகும்.

அப்புறம், முதல் படத்தில் ஒரு கிரே கார்டைப் (நிறம் கலக்காத சாம்பல் அட்டை) புடவை மேலேயே வைத்து, அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேண்டாம். ஃபிரேம் முழுக்க எம்.எஸ். ப்ளூ நிறைந்தால் வெளிச்சமே நீலம் என்று அது நினைத்து மஞ்சளை ஏற்றிவிடும். ராணி பிங்குக்குச் சிவப்பு ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா பாருங்கள், முட்டினால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறையுங்கள்.

மயில்கழுத்து மட்டும் வேறு கதை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், கோணம் மாறினால் புடவையே மாறும். அதற்குச் சரியான ஒரு படம் கிடையாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம் போட்டு, "ரெட்டை நிறம்" என்று எழுதிவிடுங்கள். வாங்குகிறவரின் போன் நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடில் இருந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய கல்யாணப் படங்களில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பச்சையாக இருப்பது ஏன்?

டியூப் லைட். ஃபிலிம் 5500 கெல்வின் பகல் வெளிச்சத்துக்குச் செய்தது. டியூபில் பச்சை தூக்கல். நம் மூளை அதைக் கழித்துவிடும், ஃபிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பச்சையை அடக்கும் மஜென்டா ஃபில்டர் போட்டிருக்க வேண்டும். பந்தியில் யார் போட்டார்கள்?

ராவா, ஜேபெக்கா?

நிறம் முக்கியமென்றால் ரா, அதாவது கேமரா திருத்தாமல் தரும் கோப்பு.

அம்மாவின் கல்யாண ஆல்பம் முழுக்கச் செம்மை ஏறிக் கிடக்கிறது. எப்படித் திருத்துவது?

ஆல்பத்தில் மூடி வைத்த அந்தக் காலப் பிரிண்டில் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முதலில் போய்விடும், மிஞ்சுவது சிவப்பு. நெகட்டிவ் இருந்தால் அதையே ஸ்கேன் செய்து பாருங்கள். இல்லாவிட்டால் பிரிண்டை 16 பிட்டில் (நிற நுணுக்கம் அதிகம்) ஸ்கேன் செய்து, அப்பாவின் வேட்டியை முதலில் வெள்ளையாக்குங்கள், பிறகு தலைமுடியைக் கறுப்பாக்குங்கள். முகங்கள் ஓரளவு தானாக வழிக்கு வரும். புடவை நிறத்தை ஊகிக்காதீர்கள். அம்மாவின் பீரோவில் அந்தக் கூறைப்புடவை இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெளிப்பக்கம் அதுவும் வெளுத்திருக்கும்.