டைம்கோட் கொடுத்தும் நழுவுகிறதா? பெங்களூரு ஒலிப்பதிவு நண்பர்களுக்குக் கேள்வி பதில்

அல்சூர் நண்பர்: அண்ணா, ஒரு கச்சேரியை 2 கேமராவிலும் லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளிலும் பதிவு செய்தோம். மூன்றுக்கும் ஒரே டைம்கோட் (மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் சொல்லும் முகவரி). தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. கடைசியில் மிருதங்கச் சத்தம் முன்னால் வருகிறது, கை அப்புறம்தான் இறங்குகிறது. ஏன்?

தம்பி, டைம்கோட் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லும், அவ்வளவுதான். சாலையோர மைல்கல் மாதிரி. வண்டியின் வேகம் அதன் கையில் இல்லை. ரீப்பர் எல்டிசியை, அதாவது ஒலியாக வரும் டைம்கோட்டைப் படித்துச் சரியான இடத்தில் பதிவைத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஒலி பதிவாகும் வேகம் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) கடிகாரம் மாதிரி துடிக்கும் கிரிஸ்டலைப் பொறுத்தது. கேமராவில் இருப்பது வேறொரு கிரிஸ்டல். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 30 பங்கு வித்தியாசம் இருந்தாலே, ஒரு மணி நேரத்தில் 0.108 விநாடி விலகும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது கிட்டத்தட்ட 3 ஃபிரேம். பேச்சில் சிலர் கவனிக்காமல் போகலாம், மிருதங்கத்தில் நிச்சயம் தெரியும்.

பதிவான கச்சேரியைக் காப்பாற்றலாம். தொடக்கத்தில் ஒரு அடி, முடிவில் ஒரு அடி எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இடையே வீடியோவில் 3240 விநாடியும் ஆடியோவில் 3239.892 விநாடியும் இருந்தால், ஆடியோவை வீடியோவால் வகுங்கள்: 0.999967. ரீப்பரில் அந்த ஆடியோவைத் தேர்ந்து F2 அழுத்தி, பிளேரேட்டில் (ஓடும் வேகம்) இதைப் போடுங்கள். சுருதியைக் காக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இவ்வளவு சின்ன மாற்றத்தில் சுருதி விலகுவது காதுக்குத் தெரியாது; டிக் இருந்தால்தான் மென்பொருள் ஒலியை வெட்டி ஒட்டி, மிருதங்கத்தின் கூர்மையைக் கெடுக்கும்.

அடுத்த முறைக்கு, வேர்டு கிளாக் (ஒலிக்கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் துடிப்பு) உள்ளீடு இருக்கிற இன்டர்ஃபேஸ் கிடைக்குமா பாருங்கள். ஒரே சிங்க் கருவியிலிருந்து எல்டிசியும் வேர்டு கிளாக்கும் வந்தால் இடம், வேகம் இரண்டும் பிடிபடும். கேமராவில் ஜென்லாக் (வெளித் துடிப்போடு ஃபிரேமைப் பூட்டும் வசதி) இருந்தால் அதையும் அங்கிருந்தே கொடுங்கள்.

கே.ஆர். புரம் நண்பர்: மிடி கிளாக்கும் எம்டிசியும் ஒன்றுதானா சார்?

இல்லை. மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை. அதில் மிடி கிளாக் தாளத்தோடு போவது: ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. டெம்போ ஏறினால் அதுவும் வேகமாகும். டிரம் மெஷின், சீக்வென்சர் என்றால் இதுதான். எம்டிசி என்பது மிடி வழியே போகும் டைம்கோட்; மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் சொல்வது. படத்தோடு வேலை என்றால் அது. ஒரு முழு முகவரியை 8 துண்டாக அனுப்புவதால் அது வந்து சேர 2 ஃபிரேம் ஆகும். அதனால் பிளே அழுத்தியதும் கொஞ்சம் தயங்கித்தான் பிடிக்கும், பயப்பட வேண்டாம்.

ஜெயநகர் நண்பர்: என் கேமராவில் டைம்கோட் உள்ளீடு இல்லை. மைக் சாக்கெட்டில் எல்டிசி கொடுக்கலாமா?

தாராளமாக. எல்டிசி கேட்கக்கூடிய ஒலிதான், ஃபிரேமுக்கு 80 பிட். ஆனால் மைக் சாக்கெட்டுக்கு லைன் லெவல் (மைக் தருவதைவிட வலுவான சிக்னல்) அதிகம். சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் உள்ள கேபிள் வேண்டும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சத்த அளவைத் தானாக மாற்றும் ஆட்டோ கெயினையும் இரைச்சல் குறைப்பையும் அணைத்துவிடுங்கள். ஒரு சேனலில் எல்டிசி, மறு சேனலில் சுற்றுச்சத்தம். அப்புறம் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், ஆடியோ டிராக்கிலிருந்து டைம்கோட்டைப் புதுப்பிக்கும் வசதியை கிளிப்பின் மீது ரைட் கிளிக் செய்து எடுக்கலாம்.

ஃப்ரேசர் டவுன் நண்பர்: கேமரா விநாடிக்கு 23.976 ஃபிரேம், ரீப்பர் புராஜெக்ட் 24. பெரிய வித்தியாசமா?

பெரியதுதான். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மணிக்கு 3.6 விநாடி டைம்கோட் எண்கள் விலகும். முதல் கிளிப்பை எடுப்பதற்கு முன் எல்லாக் கருவியிலும் ஃபிரேம் ரேட்டை ஒருவரே பார்த்து உறுதி செய்யட்டும். சாம்பிள் ரேட்டும் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) எல்லாவற்றிலும் 48 கிலோஹெர்ட்ஸ்.

சிவாஜிநகர் நண்பர்: நடுவில் எல்டிசி அறுந்தால் ரீப்பர் நின்றுவிடுகிறது.

பிளே பொத்தானில் ரைட் கிளிக் செய்தால் வெளி டைம்கோட் அமைப்பு வரும். அதில் ஃப்ரீவீல் நேரத்தை (டைம்கோட் அறுந்தும் தொடர்ந்து ஓடும் நேரம்) கூட்டுங்கள். ஆனால் கேபிளையும் மாற்றுங்கள்.

இந்திராநகர் நண்பர்: சிங்க் கருவி வாங்கப் பணம் இல்லை. குறும்படம் எடுக்கிறோம்.

சின்னச் சின்ன ஷாட் என்றால் கிளாப் போர்டே போதும், தம்பி. கேமராவின் மைக்கை அணைக்காதீர்கள், அந்தச் சத்தத்தை வைத்தே எடிட்டிங் மென்பொருள் தானாகப் பொருத்தித் தரும். நீண்ட நேர்காணல் என்றால் முடியும்போதும் ஒரு முறை தட்டுங்கள்.