கன்சோல் சர்வர் வாங்கும் முன் பெட்டிக்குள் எதைப் பார்ப்பது? கேள்வி பதில்

ரவுட்டரோ சுவிட்சோ நெட்வொர்க்கில் கிடைக்காமல் போனால், அதன் கன்சோல் போர்ட் (கேபிளை நேரடியாகச் சொருகிக் கட்டளை கொடுக்கும் துளை) வழியாக உள்ளே போக வைக்கும் பெட்டிதான் கன்சோல் சர்வர். ஒயிட்ஃபீல்டில் ஒரு சுவிட்ச் படுத்துவிட்டது என்பதற்காக எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய் லேப்டாப்பைச் சொருக வேண்டியதில்லை. அதன் வன்பொருள் பற்றி நம் பெங்களூர், ஓசூர் ஆட்கள் கேட்டவற்றை எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பாகமானாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: மற்றதெல்லாம் செத்துக் கிடக்கும்போது இது உயிரோடு இருக்குமா?

மாரத்தஹள்ளியிலிருந்து: சார், 48 போர்ட் பெட்டி எடுக்கப் போகிறோம். விற்பவர் பெரிய பிராசஸரும் நிறைய ராமும் உள்ள மாடலையே எடுக்கச் சொல்கிறார். தேவையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்சோல் போர்ட் ஒரு சீரியல் போர்ட், பிட் பிட்டாகத்தான் அனுப்பும். ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து 10 பிட் போகிறது, அதனால் நொடிக்கு 115200 பிட் வேகத்தில்கூட ஒரு போர்ட் நொடிக்கு 11,520 எழுத்துக்கு மேல் அனுப்ப முடியாது. 48 போர்ட்டும் ஒரே நேரத்தில் கொட்டினாலும் நொடிக்குச் சுமார் 550 கிலோபைட்தான், அதிலும் பாதிப் போர்ட்டுகள் 9600-இல் சும்மா கிடக்கும். பெட்டிக்குள்ளேயே கன்டெய்னர் (தனியாக அடைத்த நிரல்கள்), ஆட்டோமேஷன் எல்லாம் ஓட்டுவதாக இருந்தால் பெரிய பிராசஸர் சரி. இல்லையென்றால் அந்தப் பணத்தை இரண்டாவது பவர் சப்ளைக்கும் செல்லுலர் மோடத்துக்கும் போடுங்கள். சேமிப்பு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நடுராத்திரியில் ஒரு சுவிட்ச் கிராஷ் ஆகும்போது அது கடைசியாகக் கன்சோலில் கக்கிய வரிகள் வேறு எங்கேயும் இருக்காது, இந்தப் பெட்டியின் பதிவில்தான் இருக்கும்.

அல்சூரிலிருந்து: அண்ணா, சாதாரண பேட்ச் கார்டு போட்டால் சில சுவிட்சில் வேலை செய்கிறது, சிலதில் திரை வெறுமையாகவே இருக்கிறது. ஏன்?

ஆர்ஜே45 என்பது சாக்கெட்டின் வடிவம் மட்டும்தான் தம்பி. எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்பதில் சீரியல் போர்ட் செய்பவர்கள் ஆளுக்கொரு வழியில் போகிறார்கள். சிஸ்கோ கன்சோல் போர்ட்டில் 3-ஆம் பின் அனுப்பும், 6-ஆம் பின் வாங்கும், 4-உம் 5-உம் கிரவுண்ட். கன்சோல் சர்வரிலும் இதே வரிசை இருந்தால் 1-ஐ 8-க்கும் 2-ஐ 7-க்கும் திருப்பிக் கட்டிய ரோல்ஓவர் கேபிள் வேண்டும், அப்போதுதான் இந்தப் பக்கம் அனுப்புவது அந்தப் பக்கம் வாங்கும் பின்னில் போய்ச் சேரும். சர்வர் போர்ட்டையே தலைகீழாக அமைத்திருந்தால் நேர் கேபிள் போதும். சில மாடல்களில் இதை மென்பொருளில் போர்ட்டுக்குப் போர்ட் மாற்றிக்கொள்ளலாம், கிடைத்தால் அதையே வாங்குங்கள், உட்கார்ந்து கேபிள் முனைக்குக் கிரிம்ப் அடிக்கும் வேலை மிச்சம்.

அப்புறம், குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தப்பு. சிஸ்கோ, ஜூனிப்பர் பெட்டிகள் பெரும்பாலும் 9600, ஒயிட்பாக்ஸ் சுவிட்சுகள் (மென்பொருளைத் தனியாகப் போட்டுக்கொள்ளும் பெட்டிகள்) பல 115200. எழுத்து ஒழுங்காக வருகிறது, நீங்கள் தட்டுவது மட்டும் போகவில்லை என்றால் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை (எதிர்ப்பக்கம் தயார் என்று தனிப் பின்னில் சொல்லும்வரை அனுப்பாமல் நிறுத்தும் அமைப்பு) அணைத்துப் பாருங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய யூஎஸ்பி சீரியல் கேபிள்களைச் சொருகி நாமே செய்துகொண்டால் என்ன?

லேபுக்கு தாராளமாகச் செய்யலாம், நல்ல பயிற்சியும்கூட. ஆனால் நான்கு விஷயம் கவனியுங்கள். ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்கள் (போர்டில் வெளியே நீட்டிய இணைப்புப் பின்கள்) 3.3 வோல்ட், கன்சோல் போர்ட்டின் ஆர்எஸ்-232 சிக்னல் பிளஸ் மைனஸ் 15 வோல்ட் வரை போகும். நேரடியாக இணைத்தால் போர்டு போய்விடும், நடுவில் மேக்ஸ்3232 போன்ற வோல்டேஜ் மாற்றும் சிப் வேண்டும். இரண்டாவது, சிஎச்340 சிப் உள்ள மலிவு கேபிள்களில் பொதுவாகத் தனி சீரியல் எண் இருக்காது. எட்டுக் கேபிள் சொருகி ரீபூட் செய்தால் எது எந்த சுவிட்ச் என்று வரிசை மாறலாம், அதனால் எந்த யூஎஸ்பி துளையில் இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் கொடுங்கள். எஃப்டிடிஐ நிறுவனத்தின் அசல் சிப்பில் பெரும்பாலும் எண் இருக்கும். போலிகள் எவ்வளவு புழங்கின என்றால், 2014-இல் அந்த நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவரே போலி சிப்களைச் செயலிழக்க வைத்துப் பெரிய சச்சரவானது. மூன்றாவது, பை 4-இன் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும், தனி மின்சாரம் உள்ள ஹப் போடுங்கள். நான்காவது, இடைவிடாமல் லாக் எழுதினால் எஸ்டி கார்டு தேய்ந்து போகும். வாடிக்கையாளர் இடத்தில் இதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பெல்லந்தூரிலிருந்து: இரண்டு பவர் சப்ளை உள்ள மாடலுக்கு விலை கூட. அவசியமா?

அவசியம். ஆனால் இரண்டையும் ஒரே பிடியுவில் (ரேக்குக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பட்டை) சொருகினால் அந்தக் கூடுதல் பணம் வீண். ஒன்று ஏ ஃபீட், ஒன்று பி ஃபீட், அதாவது இரண்டு தனித்தனி மின் வழிகள். தொலைத்தொடர்பு அறை என்றால் மைனஸ் 48 வோல்ட் டிசி மாடல் கேளுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: அண்ணா, ஈதர்நெட் போர்ட்டே இரண்டு இருக்கிறது. சிம் போடும் மோடம் எதற்கு?

அந்த இரண்டு கேபிளும் எங்கே போகின்றன? நீங்கள் காப்பாற்ற வேண்டிய அதே சுவிட்சுக்குத்தான் என்றால், அது விழும்போது கன்சோல் சர்வரும் கூடவே காணாமல் போகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகம் முழுக்க விழுந்தபோது, அவர்களுடைய முதன்மை வழியும் மாற்று மேலாண்மை வழியும் சேர்ந்தே போய்விட்டன, ஆட்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

மோடம் வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது, ஏர்டெல் 3ஜியை 2020-இலேயே மூடிவிட்டது, ஆகவே பழைய 3ஜி மோடம் உள்ள செகண்ட் ஹேண்ட் பெட்டி நமக்கு உதவாது. வெளிநாட்டுக்கென்று செய்த மாடலில் இங்கே புழங்கும் 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 40, இல்லாமல் இருக்கலாம். ஆன்டெனா சாக்கெட் இரண்டு இருந்தால் இரண்டிலும் மாட்டுங்கள், இரும்பு ரேக்குக்கு வெளியே எடுத்து வையுங்கள். மெல்லிய கேபிளில் நீட்டினால் சிக்னல் கேபிளிலேயே கரைந்துவிடும். சாதாரண சிம்முக்குக் கிடைப்பது பெரும்பாலும் தனியார் ஐபி முகவரிதான், வெளியிலிருந்து நேரே பிடிக்க முடியாது. பெட்டியே உங்கள் விபிஎன் (இணையத்தின் ஊடே பாதுகாப்பான தனி வழி) சர்வரைத் தேடி வந்து இணையும்படி அமைக்க வேண்டும்.

ஜெயநகரிலிருந்து: பழைய சோலாரிஸ் சர்வர்கள் இருக்கின்றன. கன்சோல் சர்வரை ரீபூட் செய்தால் அவையும் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மைதான். சீரியல் லைன் சிறிது நேரம் தொடர்ந்து 0 நிலையிலேயே கிடந்தால் அது பிரேக் சிக்னல். சோலாரிஸ் ஓடும் ஸ்பார்க் சர்வர் அதைப் பார்த்ததும் ஓடுவதை நிறுத்திவிட்டு, கட்டளைக்குக் காத்திருக்கும் ஓகே பிராம்ப்டுக்குப் போய்விடும். சில கன்சோல் சர்வர்களின் போர்ட் சிப்கள் பவர் போய் வரும்போது தாமாகவே அப்படி ஒரு சிக்னலை விட்டுவிடும். பிரேக்-சேஃப் என்று தயாரிப்பாளர் எழுதித் தந்திருக்கிறாரா என்று பாருங்கள், சோலாரிஸிலேயே மாற்று பிரேக் வரிசையையும் அமைத்துவிடுங்கள். சிஸ்கோ ரவுட்டரும் பூட் ஆகும் முதல் 60 நொடிக்குள் பிரேக் வந்தால் ராம்மான் என்ற மீட்பு நிலையில் நின்றுவிடும்.

ஓசூரிலிருந்து: புது சுவிட்சுகளில் யூஎஸ்பி கன்சோலும் இருக்கிறது. ஆர்ஜே45-ஐ விட்டுவிடலாமா அண்ணா?

இரண்டும் இருந்தால் ஆர்ஜே45-ஐத்தான் எடுப்பேன். யூஎஸ்பியில் சீரியல் சிப் சுவிட்சுக்குள்ளேயே இருப்பதால், சுவிட்ச் செத்து எழும்போது அந்த போர்ட்டும் மறைந்து மறுபடி தோன்றும், அந்த இடைவெளியில் வரும் பூட் செய்திகளை இழக்கலாம். பூட்டே ஆகாத பெட்டியில் நமக்கு வேண்டியதே அந்த வரிகள்தான். சிஸ்கோவில் யூஎஸ்பி சொருகி இருந்தால் ஆர்ஜே45-இல் தட்டுவது எடுபடாது, அதையும் மறக்காதீர்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து: எங்கள் பெட்டி பவர் போய் வந்தால் பழைய தேதியைக் காட்டுகிறது. பெரிய விஷயமா சார்?

உடனே கவனியுங்கள். உள்ளே கடிகாரத்துக்கான நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். சாதாரண நாளில் என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் தரும் முறை) நேரத்தைத் திருத்திவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. நெட்வொர்க் விழுந்த நாளில் என்டிபியும் கிடைக்காது. தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று விபிஎன் இணைய மறுக்கும், மோடம் நன்றாக இருந்தும் உள்ளே போக முடியாது. பேட்டரியை மாற்றுங்கள், பிறகு ஈதர்நெட்டைப் பிடுங்கி, பவரை நிறுத்திப் போட்டு, சிம் வழியாக மட்டும் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்துவிட்டு ரேக்கை மூடுங்கள்.