குட்டி குரூசரா, நடுத்தர குரூசரா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

குரூசர் வண்டி (சீட் தாழ்வாக, வண்டி நீளமாக இருக்கும் பைக்) பற்றி வந்த கேள்விகளில் "எது கெத்து?" ரகத்தை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டேன். அதற்குக் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். தினமும் வேலைக்கும் கடைக்கும் ஊருக்கும் ஓட்டப்போகிறவர்கள் கேட்டவை மட்டும் இங்கே.

பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குத் தினமும் வேலைக்கு வந்துபோகிறேன். பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220 வாங்கலாமா, ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 வாங்கலாமா? 350 என்றால் இழுவை நிறைய இருக்கும்தானே?

சிசியை வைத்து இழுவையைக் கணக்குப் போடுவது எல்லோரும் செய்வதுதான். இந்த இரண்டு வண்டிக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. அவெஞ்சர் 220 கொடுப்பது 19 பிஎஸ் (குதிரைசக்தி), மீட்டியார் 350 கொடுப்பது 20.4 பிஎஸ். ஒன்றரை குதிரைகூட வித்தியாசம் இல்லை. ஆனால் அவெஞ்சர் 163 கிலோ, மீட்டியார் 191 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை எந்நேரமும் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. தனியாளாக ஓட்டினால் அவெஞ்சர் ஒன்றும் பின்தங்கிவிடாது.

வித்தியாசம் டார்க்கில், அதாவது இன்ஜினின் திருப்பு விசையில் இருக்கிறது. மீட்டியாரின் 27 நியூட்டன் மீட்டர் 4,000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) முழுசாகக் கிடைக்கிறது. அவெஞ்சரின் 17.55 கிடைக்க 7,000 வரை முறுக்க வேண்டும். பாலக்கோடு ரோட்டில் இதை நீங்களே பார்க்கலாம். தக்காளிப் பெட்டி ஏற்றிய மினி லாரிக்குப் பின்னால் நாற்பதில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், எதிரே ரோடு காலி. மீட்டியாரில் அதே கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் போதும், நிதானமாகத் தாண்டிவிடும். அவெஞ்சரில் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் கத்தி, அப்புறம்தான் தாண்டும். ஒருநாள் ஓட்டத்துக்கு இது ஒரு விஷயமே இல்லை. தினமும் பின்னால் ஆளோடு போகிறவருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறங்கும்போது தெரியும்.

மைலேஜைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். அவெஞ்சர் நாற்பதை ஒட்டியும் மீட்டியார் முப்பத்தைந்தை ஒட்டியும் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டர்தான் வித்தியாசம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் இரண்டுக்கும் ஒரே பிரிவு (150 முதல் 350 சிசி வரை). ஜிஎஸ்டியும் ஒன்றுதான்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. ஆக மிச்சம் இருப்பது வண்டி விலை மட்டும்.

என் கருத்து: தனியாகப் போகிறவர், தருமபுரி நாலு ரோட்டு நெரிசலில் தினமும் நுழைந்து வெளியே வருகிறவர் என்றால் அவெஞ்சரே போதும், மிச்சப்படும் பணம் பையில் இருக்கட்டும். வாரத்தில் பாதி நாள் பின்னால் ஆள் இருந்தால் மீட்டியார். அதில் பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கிறது. அவெஞ்சரில் பின்னால் டிரம், ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்.

அரூர் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கம். குரூசர் ஓட்ட ஆசை. கால் எட்டுமா?

தாராளமாக எட்டும். உயரம் குறைந்தவர்களுக்குக் கியர் வண்டியிலேயே தோதானது குரூசர்தான். அவெஞ்சரின் சீட் உயரம் 737 மில்லிமீட்டர், மீட்டியாருடையது 765. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ரோனினைப் பலர் குரூசர் பட்டியலில் சேர்க்கிறார்கள், அது 795. ஹோண்டா ஹைனஸ் சிபி350 எண்ணூறு, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 805. கடைசி இரண்டும் பார்க்கக் குட்டையாகத் தெரியும், உட்கார்ந்தால்தான் குதிகால் தூக்கும்.

ஆனால் சீட் உயரம் பாதிக் கதைதான். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் தரைக்கு எட்டுவது குறையும். இன்னொன்று எடை. ஸ்கூட்டர் 105, 110 கிலோ. அதிலிருந்து நேராக 191 கிலோவுக்குப் போனால் ஓடும்போது பயம் இருக்காது, நிற்கும்போதுதான் இருக்கும்.

ஷோரூமில் இப்படிச் செய்யுங்கள். பள்ளிக்குப் போடும் அதே செருப்போடு போங்கள், ஷூ வேண்டாம். வண்டியில் உட்கார்ந்து சைடு ஸ்டாண்டை நீங்களே எடுங்கள். விற்பனைப் பையன் "நான் பிடிச்சுக்கிறேன் மேடம்" என்று ஓடிவருவான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹேண்டில் பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, உட்கார்ந்தபடியே காலால் தள்ளி நாலடி பின்னால் வாருங்கள். பிறகு மறுபக்கம் திருப்பி அதே மாதிரி. முழங்கால் நடுங்காமல் இதைச் செய்ய முடிந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஆகும். முடியாவிட்டால் அடுத்தது. உங்களுக்கு நான் சொல்வது அவெஞ்சர் ஸ்ட்ரீட் 160. எடை 156 கிலோ, 15 பிஎஸ், அதே 737 சீட். பள்ளிக்கூடம் போய்வர அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

அப்புறம் நிறுத்தும் இடம். நம் ஊர் ரோட்டோரம் எல்லாம் சாக்கடைப் பக்கமாகச் சரிந்துதான் இருக்கும். முன்சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டு நிறுத்தினால், திரும்ப எடுக்கும்போது மேட்டில் பின்னால் இழுக்க வேண்டும். பின்பக்கமாகப் பள்ளத்தில் இறக்கி, முன்சக்கரம் ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்திப் பழகுங்கள்.

சைலன்சரை மாற்றினால் இழுவை கூடுமா?

கூடாது. சத்தம்தான் கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்தும் வரலாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ரோட்டில் யானை நிற்கும் நேரத்தில் அந்தச் சத்தத்தோடு போக நினைப்பவர்களுக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டும்.

மாதம் இரண்டு மூன்று தடவை தருமபுரியிலிருந்து சேலம் போகிறேன். தொப்பூர் இறக்கத்தில் குரூசர் பிரேக் பிடிக்குமா? நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் நண்பர்.

நண்பர் சொல்வதை முதலில் முடித்துவிடுவோம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) குரூசர்கள் எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது என்று தெரிந்து பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் போச்சு.

இனி பிரேக். குரூசர் நீளமான வண்டி. அவெஞ்சர் 220இல் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1,490 மில்லிமீட்டர். ஓட்டுபவர் தாழ்வாக, பின்தள்ளி உட்காருகிறார். அதனால் பிரேக் அடிக்கும்போது சாதாரண நூறு சிசி வண்டியில் மாதிரி எடை முழுவதும் முன்னால் பாயாது, பின்சக்கரத்துக்கும் நல்ல பிடி மிச்சம் இருக்கும். அதாவது பின் பிரேக்குக்கு இங்கே நிஜமான வேலை உண்டு. ஆனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு இன்னும் முன் டிஸ்க்குக்குத்தான். இரண்டையும் சேர்த்தே அழுத்துங்கள்.

ஆபத்து எங்கே என்றால், இறக்கம் முழுக்கப் பின் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்குவது. டிரம் சூடேறினால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. தருமபுரியிலிருந்து போகும்போது இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். இறக்கம் முடியும்வரை அந்தக் கியரை விடாதீர்கள், கிளட்சைப் பிடிக்காதீர்கள். வேகம் ஏறினால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி விடுங்கள், மறுபடி ஏறினால் மறுபடி. இந்த விஷயத்தில் மீட்டியார் மாதிரி பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு இன்ஜின் பிடிப்பு நன்றாகவே இருக்கும்.

இதைவிட முக்கியமானது உங்கள் பின்னால் வருவது. தொப்பூரில் பிரேக் பிடிக்காத லாரிதான் பல விபத்துகளுக்குக் காரணம். பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்காதீர்கள். இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளவே கூடாது. கண்ணாடியில் பெரிய வண்டி தெரிந்தால் ஒதுங்கி அதை முன்னால் விட்டுவிடுங்கள். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் அவெஞ்சர்காரர்கள் பின் பிரேக்கை இன்னும் மென்மையாக அழுத்த வேண்டும், அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டால் தடுக்க ஏபிஎஸ் இல்லை.

ஓசூர் சிப்காட்டில் வேலை. மூன்று வருடமாகப் பணம் சேர்த்து சூப்பர் மீட்டியார் 650 வாங்க நினைக்கிறேன். தினமும் கம்பெனிக்கும் அதிலேயே போகலாமா?

போகலாம். போகச் சொல்லமாட்டேன்.

241 கிலோ வண்டி. நீளம் அதிகம், வட்டமடிக்க இடம் அதிகம் வேண்டும். ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் வாசலில் இதைத் திருப்பி எடுப்பதை நினைத்துப் பாருங்கள். அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்துபோனால் இரண்டு சிலிண்டர் சூடு காலில் அடிக்கும். தரை இடைவெளி 135 மில்லிமீட்டர்தான், 350க்கு 170. கிராமத்து வேகத்தடைகள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாதவை என்பது உங்களுக்குத் தெரியும்.

செலவையும் பாருங்கள். 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி இப்போது 40 சதவீதம். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே கட்ட வேண்டும். 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். ஒரு சிசி தாண்டினாலும் இரட்டிப்பு.

ஆனால் நாற்கரச் சாலையில் 100இல் கிருஷ்ணகிரி தாண்டிப் போகும்போது 47 பிஎஸ் இரட்டை சிலிண்டர் தரும் சுகத்தை எந்த 350உம் தராது, அதை மறைக்க மாட்டேன். கம்பெனிக்கு இருக்கிற பழைய வண்டியை வைத்துக்கொண்டு, லீவு நாளுக்கு இதை வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரே வண்டிதான் என்றால் 350. பெரியதுதான் வேண்டும், ஆனால் கனம் ஆகாது என்றால் கவாசாகி எலிமினேட்டரைப் போய்ப் பாருங்கள். 451 சிசி, 45 பிஎஸ், 176 கிலோ, சீட் உயரம் 735. எடை மீட்டியார் 350ஐவிடக் குறைவு. ஷோரூமும் சர்வீஸும் பெங்களூருவில் என்பதுதான் யோசிக்க வேண்டியது, ஓசூர்க்காரருக்கு அது பெரிய தூரம் இல்லை.

இடுப்பு வலி இருக்கிறது. குரூசரில் சொகுசாக உட்காரலாம் என்கிறார்களே?

எல்லா இடுப்புக்கும் அது பொருந்தாது. காலை முன்னால் நீட்டி உட்காரும்போது உடம்பு எடை முழுவதும் வால் எலும்பில் இறங்குகிறது. பள்ளம் வந்தால் சாதாரண வண்டியில் ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்திச் சற்று எழுந்துகொள்ளலாம், அவெஞ்சரில் அது நடக்காது. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பக்கக் கிராமச் சாலைகளில் ஓட்டுபவர் என்றால் கால் நடுவில் வரும் ரோனின், ஹைனஸ் மாதிரி வண்டியை ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். வலி ஏற்கெனவே இருப்பதால் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மனைவியும் மூன்று வயதுப் பையனும் கூட வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போவோம். ஜாவா 42 பாபர் பிடித்திருக்கிறது.

அது ஒற்றை சீட் வண்டி. வீட்டில் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா?

மீட்டியாரின் பின்சீட்டும் முதுகு சாய்மானமும் உங்களுக்கு ஏற்றவை. சேலை கார்டை அழகுக்காகக் கழற்றாதீர்கள், பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியையும்தான். இரண்டுமே சட்டப்படி இருக்க வேண்டியவை. நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. பென்னாகரம் தாண்டியதும் வரும் வளைவுகளில் குரூசரை ரொம்பச் சாய்க்காதீர்கள். ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருப்பதால் மற்ற வண்டிகளுக்கு முன்பே தரையில் உரசும். ஆள் ஏறும் நாளில் பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி கெட்டியாக்கிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் பழைய அவெஞ்சர் 220 ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

அவெஞ்சர் பழையதாக வாங்க நல்ல வண்டி. 2001இல் பஜாஜ் கொண்டுவந்த கவாசாகி எலிமினேட்டரின் வழிவந்தது என்பதால் இதன் நெளிவு சுளிவு எல்லா மெக்கானிக்குக்கும் அத்துப்படி.

காலையில் போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங்கில் ஏதோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனபின் நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். முன்னால் இருக்கும் ஆயில் கூலரில் கல்லடிபட்டுக் கசிகிறதா, விரலால் தடவிப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் பக்கம் "டக் டக்" என்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயின் செட் செலவை விலையில் கழியுங்கள். டேங்க் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலோடு மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் தண்ணீர் சேர்ந்து உள்ளே துரு ஏறியிருக்கும். கம்பிச் சக்கரம், டியூப் டயர் உள்ள வண்டி என்றால் ஸ்போக் ஒவ்வொன்றையும் தட்டி, தளர்ந்தது உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

ஆர்சியில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இருந்தால், அந்த எச்பி (கடன் அடமானப் பதிவு) ரத்தாகி புது ஆர்சி கைக்கு வரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள். "லோன் எப்பவோ முடிஞ்சுடுச்சு, பேப்பர் மட்டும் வரணும்" என்பார்கள். பேப்பர் வரட்டும், அட்வான்ஸ் மட்டும் கொடுத்து வையுங்கள்.