மின்தடை மறையும் குளிர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தேவகோட்டை மாணவி: செம்பும் வெள்ளியும் மிகச் சிறந்த கடத்திகள். அவை ஏன் மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) ஆவதில்லை?

பதில்: உலோகத்தில் மின்தடை தோன்றுவதற்கு முதற்காரணம், அணுக்கோவையின் (ஒழுங்காக அடுக்கிய அணுக்களின்) அதிர்வுகளால் எலக்ட்ரான்கள் சிதறுவதே. செம்பில் எலக்ட்ரானுக்கும் அதிர்வுக்கும் உள்ள பிணைப்பு வலுவற்றது. ஆகவே அது நன்றாகக் கடத்துகிறது. ஆனால் 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் வகுத்த கொள்கையின்படி, எலக்ட்ரான்களை இரண்டிரண்டாக இணைத்து மீக்கடத்து நிலையை உண்டாக்குவதும் அதே அதிர்வுகள்தாம். பிணைப்பு வலுவற்ற செம்பை எவ்வளவு குளிர்வித்தாலும், மாசுகளால் எழும் தடை எஞ்சியே நிற்கிறது. சாதாரண வெப்பத்தில் செம்புக்கு ஈடாகாத ஈயமோ 7.2 கெல்வினில் (ஏறத்தாழ மைனஸ் 266 டிகிரி செல்சியஸ்) தடையை முற்றிலும் இழக்கிறது. 1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் இதை முதலில் கண்டது பாதரசத்தில், ஏறத்தாழ 4.2 கெல்வினில்.

கானாடுகாத்தான் வாசகர்: மொட்டை மாடியில் வெயில் படும் செம்புக் கம்பியின் தடை கூடுமா?

பதில்: கூடும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம், 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 16 சதவீதம்.

புதுவயல் வாசகர்: குண்டு பல்பு ஏன் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் போகிறது?

பதில்: குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை, ஒளிரும் இழையினுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதற்கணத்தில் பாயும் மிகை மின்னோட்டம் இழையின் மெலிந்த இடத்தை உருக்கிவிடுகிறது.

கோட்டையூர் வாசகர்: 2023இல் தென்கொரியர் அறிவித்த எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாமே?

பதில்: அன்று. தடை குறைந்தது என்பது மட்டும் சான்றாகாது. 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் காட்டியபடி, காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்வித்தாலும் உண்மையான மீக்கடத்தி அப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியேற்ற வேண்டும். மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதப்பதும் இதனால்தான்.

அதே வாசகர்: 104 டிகிரி செல்சியஸ் அருகில் தடை சட்டென விழுந்ததே, ஐயா?

பதில்: அந்த மாதிரியில் கலந்திருந்த செம்பு சல்பைடு ஏறத்தாழ அதே வெப்பநிலையில் கட்ட மாற்றம் (அணு அமைப்பில் மாறுதல்) அடைகிறது, தடை விழுந்தது அதனால்தான். ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வளர்த்த தூய எல்கே-99 படிகங்களோ மின்சாரத்தைக் கடத்தாத மின்காப்பிகளாக இருந்தன.

பள்ளத்தூர் வாசகர்: காணொளியில் எல்கே-99 காந்தத்தின் மேல் மிதந்தது. நீங்கள் அதை மறுப்பது நியாயமா?

பதில்: அதன் ஒரு விளிம்பு காந்தத்தைத் தொட்டுக்கொண்டே நின்றது. கிராஃபைட் தகடுகூட வலிய காந்தங்களின் மேல் முழுமையாக மிதக்கும். அது மீக்கடத்தி அன்று. புலம் வெளியேறுகிறதா என்று அளந்து பாருங்கள் என்பதை மீண்டும் சொல்கிறேன். 2015இல் 203 கெல்வினை எட்டிய ஹைட்ரஜன் சல்பைடை அறிவியலார் ஏற்றதற்கு, தடையோடு காந்த அளவீடும் காட்டப்பட்டதே காரணம். அதற்கும் 15 லட்சம் வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது. எல்கே-99 பற்றி வந்த மற்றக் கேள்விகளுக்கும் இதுவே பதில்.

காரைக்குடி வாசகர்: எந்த பேட்டரி நீடித்து உழைக்கும்?

பதில்: இது என் துறையன்று. உங்கள் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

பள்ளத்தூர் ஆசிரியர்: மாணவர்களுக்குக் காந்தம் மிதப்பதை எங்கள் பழைய வீட்டு உள்ளறையில் செய்து காட்டலாமா?

பதில்: செய்து காட்டுங்கள், ஆனால் உள்ளறையில் வேண்டாம். இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு வில்லை 93 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைத் தெர்மோகோல் கிண்ணத்தில் ஊற்றினால் போதும். ஆனால் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிந்து, காற்றோட்டமில்லாத அறையில் ஆக்சிஜனைக் குறைத்து, எவ்வித முன்னறிகுறியும் இன்றி மயங்கி விழச்செய்யும். வானம் பார்த்த வளவில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யுங்கள்; திரவத்தை இறுக மூடிய பாத்திரத்தில் ஒருபோதும் அடைக்காதீர்கள்.